என் மாத்திரை

குழல்வாய்மொழி அத்தைக்குத் தான் சாப்பிடுகிற மாத்திரையின் பெயர் தெரியாது. மாதம் ஒரு முறை தென்காசிக்குப் பஸ் ஏறிப் போய், ஒரு மெடிக்கல் கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பாள். பிறகு கண்ணாடிப் பலகைமேல் குனிந்து, அடுத்தவருக்குக் கேட்காத குரலில், "அண்ணாச்சி, என் மாத்திரை" என்பாள்.

கடைக்காரர் முத்துக்குமாரசாமி அண்ணாச்சிக்கு அது ஒரு வேடிக்கை. தூக்கத்துக்கும் வலிப்புக்கும் மனநோய்க்கும் தருகிற சில மாத்திரை அட்டைகளில் சிவப்பு எழுத்தில் என்.ஆர்.எக்ஸ். என்று அச்சிட்டிருக்கும். போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிற மருந்து என்பதற்கு அந்த 'என்' அடையாளம். மெடிக்கல் கடைக்காரர்கள் தங்களுக்குள் அவற்றை 'என் மாத்திரை' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

"சரியாத்தான் கேக்குத தாயி. இது என் மாத்திரையேதான்" என்று சிரித்தபடி அண்ணாச்சி எடுத்துக் கொடுப்பார்.

அத்தைக்கு அந்தச் சிரிப்பு விளங்கியதில்லை. தன் மாத்திரையை அவர் தன்னுடையது என்கிறார், ஏதோ கேலி பேசுகிறார் என்று நினைத்து அவளும் சிரித்துவைப்பாள்.

அவள் பிறந்தது குற்றாலத்தில். பன்னிரண்டு வயதில், பெண்கள் குளிக்கிற பக்கம் அருவிக்கடியில் நின்றவள் திடீரென்று விழுந்தாள். கையும் காலும் வெட்டி இழுத்தன. சாமி வந்திருக்கிறது என்று வெளியூர்க்காரி ஒருத்தி ஈரத் தலையில் திருநீறு பூசிவிட்டாளாம். இரண்டாம் முறை வீட்டு அடுப்படியில் அதே மாதிரி விழுந்தபோது அவள் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தென்காசியில் ஒரு டாக்டர் பினோபார்பிடோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலிப்புக்கு மிகப் பழைய மருந்து, மலிவானது. ஒருநாளும் தானாக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாக வரும் என்று சொல்லி அனுப்பினார். அதன்பிறகு அவளை அருவிப் பக்கம் விடவே இல்லை. சாரல் காலத்தில் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து அருவிக்கு வரிசை கட்டி நிற்க, அந்த ஊர்ப் பெண் வீட்டுக்குள் கதவைத் தாழ் போடாமல் செம்பில் தண்ணீர் மொண்டு குளித்தாள்.

மாத்திரை தன் வேலையைச் செய்தது. என் தாய்மாமா மணிமுத்துவுக்கு அவளைப் பெண் பார்த்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்த வாரத்தில் அவளே சொன்னாள். மாமா, "வேற யாருகிட்டயும் சொல்லிராத" என்று மட்டும் சொன்னாராம். அடுத்த மாதத்திலிருந்து மாத்திரையை அவரே வாங்கி வந்தார். அவர் டெம்போ ஓட்டினார். மகள் சுஜிதா பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார்.

கீழப்பாவூரில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே சுவர். மாமாவுக்குப் பிறகு அத்தை பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் கடைக்கு வேலைக்குப் போனாள். மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற சின்ன வெங்காயத்தைக் கொட்டி, அழுகல் தனி, பொடி தனி, பெரிது தனி என்று பிரிக்கிற வேலை. எப்போதும் அவள் சேலையில் வெங்காயச் சருகு ஒட்டியிருக்கும். அவளுக்கு வலிப்பு உண்டென்று என் அம்மாவுக்குத் தெரியும். நான் சட்டம் படிக்கப் போன வருடம் அம்மா எனக்குச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தவளிடம் ரகசியம் நிற்கும் என்று அம்மா எப்படி நம்பினாள் என்று தெரியவில்லை. சுஜிதாவுக்கு மட்டும் அது தலைவலி மாத்திரை.

சுஜிதாவுக்குச் செங்கோட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை போலீஸ். அவர் அப்பா சிவனணைந்தபெருமாள் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்; ஊரே அவரை ஏட்டையா என்றுதான் சொல்லும். பெண்ணைப் பிடித்துவிட்டது. ஆவணியில் நிச்சயம் என்று பேச்சு. அத்தைக்கு அன்றிலிருந்து ஒரே நினைப்புதான். கல்யாணம் முடிகிறவரை தனக்கு வலிப்பு வந்துவிடக் கூடாது, யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது. தெரிந்தால் மகளுக்கும் இருக்கும் என்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். ஆனால் அந்த வரிசையில் பாவூர்சத்திரத்து ஆள் யாராவது நிற்பார்கள் என்று அவள் அங்கே போனதே இல்லை.

அந்த ஆடி மாதம் எங்கள் பக்கத்தில் போதை மாத்திரைப் பேச்சு அதிகமாக இருந்தது. வலிக்குக் கொடுக்கிற மாத்திரைகளை இளவட்டங்கள் வாங்கிக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள் என்று ஒரு மெடிக்கல் கடையைப் பூட்டி சீல் வைத்தார்கள். முத்துக்குமாரசாமி அண்ணாச்சி பயந்துவிட்டார். முட்டி ஆபரேஷனுக்கு மதுரை போகும்முன் கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த பார்மசிஸ்ட் ஜஸ்டினிடம், "என் மாத்திரை ஒண்ணு விடாம கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிரு. யாரு வந்து கேட்டாலும் இல்லன்னு சொல்லிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். சீட்டு எழுதிய டாக்டர் தொழிலை விட்டு வெகுகாலம் ஆகியும் அத்தையின் பழைய சீட்டுக்கே மாத்திரை கொடுத்துவந்தவர் அவர். அவளை அந்த நேரத்தில் அவர் நினைக்கவில்லை.

அத்தை வழக்கம்போல் போனாள், ஓரமாக நின்றாள், கூட்டம் குறைந்ததும் குனிந்தாள்.

"தம்பி, என் மாத்திரை."

ஜஸ்டின் நிமிர்ந்து பார்த்தார். பின்னாளில் நான் போய்க் கேட்டபோது அவர் ஒளிக்காமல் சொன்னார். "ஓரமா நின்னு நோட்டம் பாக்காங்க. ஆளு போனதும் ரகசியமா வந்து எங்க தொழில் பாஷையில கேக்காங்க. நான் என்ன நினைக்கட்டும், சொல்லுங்க? ஒண்ணு யாரோ அனுப்பின ஆளா இருக்கணும், இல்லன்னா எங்களப் பிடிக்க வந்த ஆளா இருக்கணும்."

அதனால் அவர் குரலை உயர்த்தியே சொல்லியிருக்கிறார். "என் மாத்திரை எல்லாம் இங்க கிடையாதும்மா. அண்ணாச்சி சொல்லிட்டுப் போயிருக்காவ. உங்களை யாரு இங்க அனுப்பினா?"

அத்தைக்குக் கேட்டது வேறு. தன் மாத்திரையைப் பற்றி அண்ணாச்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். முன்பின் பார்க்காத இந்த ஆளுக்குத் தன் வியாதி தெரிந்திருக்கிறது. கடை முழுக்கத் தெரிந்திருக்கிறது. சீட்டு அவள் பையிலேயே இருந்தது. அதை எடுத்துக் காட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி நடந்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போது அவளுக்கு வேறு கவலை. ஏட்டையா வீட்டில் யாராவது அந்தக் கடையில் மருந்து வாங்குகிறவர்களாக இருந்தால்?

வேறு கடைக்குப் போகவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை. கையில் இருந்த அட்டையை வைத்துக்கொண்டு பாதி பாதியாக உடைத்துச் சாப்பிட்டாள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். நிச்சயம் முடிகிறவரை இழுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள்.

சந்தை உச்சத்தில் இருந்த ஒரு காலை நேரம் வெங்காயக் குவியல்மேல் சாய்ந்தாள். லோடுமேன் இசக்கிமணிதான் முதலில் பார்த்தார். "ஏலே, இரும்பக் குடுங்கலே! இரும்பக் குடுங்க!" என்று யாரோ கத்த, அவசரத்தில் சாவி கிடைக்காமல், மூட்டை தூக்குகிற கொக்கியை அவள் கையில் திணித்துவிட்டார்கள். வெட்டி இழுக்கிற கை அதை இறுக்கிப் பிடித்தது. உள்ளங்கை கிழிந்தது. ஒரு தடவை நின்று, நினைவு வருமுன்னே மறுபடி வந்தது. ஆட்டோவில் தென்காசிக்குக் கொண்டுபோகிற வழியில் இன்னொரு தடவை.

அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நிறுத்தினார்கள். டாக்டர் அம்மா சுஜிதாவைக் கூப்பிட்டு எத்தனை வருடமாக வலிப்பு என்று கேட்டார். சுஜிதா என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அத்தை விழுந்த இடத்தில் அவள் சுருக்குப்பையிலிருந்து மாத்திரை அட்டையும் விழுந்து கிடந்திருக்கிறது. எவனோ அதைப் படம் எடுத்து, சிவப்பு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று போனில் தேடி, போதை மாத்திரை என்று எழுதி அனுப்பிவிட்டான். படம் சந்தையைச் சுற்றி, செங்கோட்டைக்கும் போய்ச் சேர்ந்தது.

அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரத்தில் ஏட்டையா வந்தார். தனியாகத்தான் வந்தார். சத்தம் போடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, போனை எடுத்து என் அம்மாவிடம் நீட்டினார்.

"இது அவங்க மாத்திரைதானா?"

அம்மா பதறிப்போய், "அது வெறும் தூக்க மாத்திரை அண்ணாச்சி. எங்க அண்ணன் போனதுலேர்ந்து மதினிக்குத் தூக்கமே கிடையாது. சந்தையில வெயிலுக்கு மயங்கி விழுந்துட்டா" என்றாள்.

"வெயிலுக்கா, காலையிலேயா?" ஏட்டையா சிரிக்கவில்லை. "தங்கச்சி, நான் எத்தனையோ பயலுவளப் பாத்தவன். மாத்திரை கிடைக்கலேன்னா அவனுவளும் இப்படித்தான் விழுந்து இழுப்பானுவ. எம் மவன் உத்தியோகம் அப்படி. நாளைக்கு ஒருத்தன் மொட்டைக் கடுதாசி போட்டாம்னா என்ன செய்ய?"

எனக்கு ரோசம் வந்தது. வக்கீல் ஆபீஸில் ஜூனியராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இது எனக்குத் தெரிந்த விஷயம் என்று முன்னால் வந்தேன்.

"மாமா, அது சட்டப்படி வாங்குத மருந்துதான். டாக்டர் சீட்டு இருந்தா நூறு மாத்திரை வரைக்கும் ஒருத்தர் கையில வச்சுக்கிடலாம்."

"எந்தச் சட்டப்படி?"

"என்.டி.பி.எஸ்."

"அதாவது போதைப்பொருள் தடுப்புச் சட்டம். அந்த லிஸ்ட்ல இது இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஆனா…"

"இருக்குல்லா?"

"இருக்கு மாமா. ஆனா அந்த லிஸ்ட்ல எல்லாம் ஒண்ணுபோல கிடையாது. வெளிநாட்டு ஒப்பந்தத்துல இதுக்கெல்லாம் நாலு படி வச்சிருக்காங்க. இது கடைசிப் படி. போதைக்குப் பயன்படுத்த வாய்ப்பு குறைவு, வைத்தியத்துக்கு உபயோகம் ஜாஸ்தின்னு…"

"நம்ம சட்டத்துல அந்தப் படி போட்டிருக்கா?"

அப்படி எந்தப் படியும் போடவில்லை. உலக நாடுகள் நாலு அட்டவணையாகப் பிரித்து வைத்ததை நம் சட்டத்தில் ஒரே பட்டியலாக அடுக்கியிருக்கிறார்கள். மருத்துவத்துக்கே உதவாத கொடிய சரக்கும், குழந்தைகளுக்கு வலிப்பு வராமல் காக்கிற மருந்தும் ஒன்றின் கீழ் ஒன்றாக எண் போட்டு நிற்கின்றன. எவ்வளவு பிடிபட்டால் எவ்வளவு தண்டனை என்பதில்தான் வித்தியாசம் வரும். பரீட்சைக்கு அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு அது ஒரு பட்டியல், அவ்வளவுதான். ஏட்டையா கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் அந்தச் சட்டத்தோடு முப்பது வருடம் வேலை பார்த்தவர். அதில் அவர் கண்டதெல்லாம் இருக்கு, இல்லை என்ற இரண்டுதான். 'ஆனா' என்பதை நான் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது உள்ளே படுத்திருந்த அத்தை எழுந்து வந்தாள். கையில் கட்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, அது போதை மாத்திரை இல்ல. எனக்கு வலிப்பு இருக்கு. சின்னப் புள்ளையிலேர்ந்து இருக்கு. அதுக்குத்தான் சாப்பிடுதேன்."

"மதினி, சும்மா கெடங்க" என்றாள் அம்மா.

"இல்ல. எம் புள்ளைக்கு அம்மா போதைக்காரின்னு பேரு வரக் கூடாது." அத்தை ஏட்டையாவைப் பார்த்தே பேசினாள். "சுஜிதாவுக்கு ஒண்ணும் கிடையாது. ஒருநாளும் வந்ததில்ல. அவளுக்கு இம்புட்டு நாளா இது தெரியவே தெரியாது. அந்த மாரியாத்தா மேல சத்தியம்."

ஏட்டையா எழுந்தார். அவர் முகத்தில் இருந்த கடுமை போய், ஒரு மாதிரி இளகிவிட்டது. அதைப் பார்த்து நான்கூடக் கொஞ்சம் நம்பிக்கை வைத்தேன்.

"உடம்பப் பாத்துக்கிடுங்கம்மா. நாங்க சொல்லி அனுப்புதோம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் சொல்லி அனுப்பியது தரகர் மூலமாக வந்தது. தரகர் வாசலிலேயே நின்றுகொண்டு அம்மாவிடம் சொன்னார்: "ஏட்டையா நல்ல மனுசன். குத்தமா ஒரு வார்த்தை சொல்லல. போதைன்னாக்கூட நாலு நாள் ஆஸ்பத்திரியில போட்டு விட வச்சிரலாம், இது ரத்தத்துல உள்ளதுல்லான்னு வருத்தப்பட்டாவ."

அது எல்லா வலிப்புக்கும் பொருந்தாது என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். சுஜிதாவுக்கு வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்றும் சொல்லியிருந்தார். நான் தரகரிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன். 'மிகக் குறைவு' என்றால் அவர் 'அப்போ இருக்குல்லா?' என்பார் என்று தோன்றியது. நிறுத்திக்கொண்டேன். நிறுத்தியது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை.

சுஜிதா அழவில்லை. அந்தப் போலீஸ்காரரோடு அவள் இரண்டு தடவைதான் போனில் பேசியிருந்தாள். அவளுக்கு வேறு கோபம். "ஏம்மா எங்கிட்ட மறச்ச? என்னயப் பாத்தா ஊர்ல போய்ச் சொல்லுதவ மாதிரியா இருக்கு?" என்று நாலைந்து நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அத்தை பதிலுக்கு வெங்காயச் சருகு ஒட்டிய பழைய சேலைகளை மறுபடி மறுபடி துவைத்தாள். சந்தைக்கு அவள் திரும்பப் போகவில்லை. கமிஷன் கடைக்காரர் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பொம்பளைகள் அவள் பக்கத்தில் உட்கார யோசித்தார்களாம்.

மாசிக்குப் பிறகு சங்கரன்கோவிலில் இருந்து வேறு ஒரு இடம் வந்தது. அதற்குள் அத்தை ஆய்க்குடிக்குப் போயிருந்தாள். அங்கே நடக்கமாட்டாத பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற ஒரு இல்லத்தில் சமையல்கட்டு வேலை. தங்க இடமும் கொடுத்தார்கள். உடம்பைப் பற்றி முதல் நாளே சொல்லிவிட்டாள். அவர்கள் ஒன்றும் நினைக்கவில்லை. அடுப்புப் பக்கம் விடாமல் காய் நறுக்க வைத்தார்கள். மாத்திரையை அரசு ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொண்டாள். இல்லத்துக்கு வந்த பிறகு ஒரு தடவையும் வலிப்பு வரவில்லை.

பெண் பார்க்க வருகிற அன்றைக்கு ஊருக்கு வரச் சொல்லி நானும் சுஜிதாவும் போய்க் கூப்பிட்டோம். அத்தை மாட்டேன் என்றாள்.

"உங்க அத்தை அந்த இடத்துல உக்காரட்டும். எல்லாம் மதினிகிட்டப் பேசிட்டேன்." என் அம்மாவைத்தான் சுஜிதாவிடம் அப்படிச் சொன்னாள்.

"அத்தை உக்காந்தா நீ யாரு?" என்றாள் சுஜிதா.

"நான் வேலைக்குப் போன இடத்துல இருக்கேன்."

"நீ இல்லாம நான் வந்து நிக்கமாட்டேன். பாத்துக்கோ."

"நிக்கணும்ட்டி." அத்தை நறுக்கிக்கொண்டிருந்த பூசணிக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்னயப் பாத்தா விசாரிப்பாங்க. விசாரிச்சா சந்தையில எவனாவது அந்தப் போட்டோவக் காட்டுவான். ஒண்ணு போதைம்பான், இல்ல வலிப்பும்பான். ரெண்டுல எதுன்னு நீ சொல்லப்போற?"

சுஜிதா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம், "அக்கா, அந்த லிஸ்ட மாத்தவே முடியாதா?" என்று கேட்டாள். மாற்றலாம், அதற்கு மத்திய அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும் என்றேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. பட்டியலை மாற்றினால்கூட அவள் அம்மாவைப் பெண் பார்க்கிற வீட்டுக்குள் கூட்டிவந்துவிட முடியுமா? அவள் கேட்டது அதைத்தான்.

சங்கரன்கோவில்காரர்களுக்குச் சுஜிதாவைப் பிடித்துவிட்டது. பங்குனியில் பூ வைத்தார்கள். என் அம்மா அந்த இடத்தில் உட்கார்ந்து தட்டு மாற்றினாள். மறுநாள் நான் ஆய்க்குடிக்குப் போய் அத்தையிடம் போட்டோக்களைக் காட்டினேன். கையைக் கழுவி, சேலையில் துடைத்து, போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். உள்ளங்கைத் தழும்பு இழுப்பதால் விரலை முழுக்க நீட்ட முடியவில்லை.

"பச்சைப் பட்டு எடுப்பா இருக்கு" என்றாள். பிறகு, "அவங்க கேட்டாங்களா, பொண்ணோட அம்மா எங்கன்னு?"

"கேட்டாங்க."

"மதினி என்ன சொன்னா?"

"இல்லன்னு சொன்னா."

அத்தை போனைத் திருப்பித் தந்தாள்.

"ஊர்ல இல்லன்னா, இல்ல… ஆளே இல்லன்னா?"

"வெறுமன இல்லன்னு மட்டும் சொன்னா அத்தை. அவங்க மேல ஒண்ணும் கேக்கல. சுவர்ல நீங்க ரெண்டு பேரும் நிக்குத போட்டோவுல மாமாவுக்குப் போட்டிருந்த மாலையப் பாத்துட்டு, சரின்னு விட்டுட்டாங்க."

அத்தை பிள்ளைகளின் தட்டுகளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அவங்க எப்படி எடுத்துக்கிட்டாங்களோ அப்படியே இருக்கட்டும்" என்றாள். "கல்யாணத்துக்கு முன்ன யாரும் போய் மாத்திச் சொல்லிராதிய."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரம். அவள் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.